லாரியில் வந்த கடல் படகுகள்

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கேரளத்தில் பேய் மழை. அணைகள் நிரம்பித் திறந்து விடப்பட்டன. பம்பை ஆற்று வெள்ளம் செங்கன்னூருக்குள் புகுந்தது. ஜனங்கள் மாடியில் நின்று கூவினார்கள்.

காப்பாற்றியது யார்?

ராணுவம் வந்தது. கடற்படை வந்தது. ஹெலிகாப்டர்கள் பறந்தன. ஆனால், சுமார் 65 ஆயிரம் பேரை மீட்டவர்கள் மீனவர்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்!

கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரைகளில் இருந்து படகுகளை லாரியில் ஏற்றி, இரவோடு இரவாக வந்து சேர்ந்தார்கள்.

ஊருக்குள் வந்த வெள்ளம் கடல் மாதிரி அல்ல. தண்ணீருக்கு அடியில் மதில் சுவர் இருக்கும். இரும்புக் கேட்டின் கூர்முனை இருக்கும். சந்து திரும்பினால் நீரோட்டம் இழுக்கும். எஞ்சினை எங்கே நிறுத்துவது, துடுப்பை எங்கே போடுவது, படகு எத்தனை பேரைத் தாங்கும்? இது புத்தகம் படித்து வருவதல்ல. தினமும் அலையைத் தாண்டிப் போகிறவருக்குக் கைவந்த வித்தை.

ஆனால் அவர்களுக்குத் தெரு தெரியாதே! உள்ளூர்க்காரர்கள் படகில் ஏறி வழி காட்டினார்கள். எந்த வீட்டில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்ற தகவல்களைக் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் பிரித்துக் கொடுத்தார்கள்.

மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மீனவ இளைஞர் தண்ணீரில் குனிந்து முதுகைக் காட்டினார். பெண்கள் அதைப் படியாக மிதித்துப் படகில் ஏறினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

பணம் வேண்டாம்!

படகு ஒன்றுக்கு நாளைக்கு 3 ஆயிரம் ரூபாய் தருவதாக முதல்-மந்திரி பினராயி விஜயன் அறிவித்தார். "பணம் வேண்டாம்" என்று மீனவர்கள் சிலர் மறுத்தார்கள்.

அது அவர்களுடைய பெருந்தன்மை. அதற்காக நாம் சும்மா இருந்துவிடலாமா? மதிலில் மோதிப் படகு உடைந்தால் மறுநாள் தொழில் இல்லை. தொழில் இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

நமக்கும் இது புதிதல்ல. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் தத்தளித்தபோதும் நம் மீனவர்கள் படகோடு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகுதான் "படகு எங்கே?" என்று தேடுகிறோம்.

கேரள சர்க்கார் பின்னர் மீனவ இளைஞர்கள் சிலரைக் கடலோரப் போலீசில் வார்டன்களாகச் சேர்த்தது. நல்ல காரியம்தான். ஆனால் எல்லோருக்கும் வேலை கொடுக்க முடியுமா?

எந்தக் குப்பத்தில் எத்தனை படகு, ஓட்டுகிறவர் யார், ஏற்றி வர எந்த லாரி என்ற பட்டியல் தாலுகா ஆபீசில் தயாராக இருக்க வேண்டும். படகுக்கும் ஆளுக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். உடைந்த படகுக்கு எத்தனை நாளில் பணம் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் செப்டம்பருக்குள் முடிய வேண்டிய வேலை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.