ஓட்டு இல்லாத சீமை; சபையில் இரண்டு குரல்!

சென்னைச் சட்டசபையில் 1920-களின் கடைசியில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. கோவில்களில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றார் ஓர் அம்மையார். கூடாது என்று எதிர்த்தார் ஒரு வக்கீல்.

அம்மையார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. வக்கீல், பேச்சில் புலியான எஸ். சத்தியமூர்த்தி. ஒருவர் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மற்றவர் 1887-ல் பக்கத்துத் திருமயத்தில் பிறந்தவர். இருவரும் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சபைக்கு ஓட்டுப் போடும் உரிமை புதுக்கோட்டை மக்களுக்குக் கிடையாது! அது தொண்டைமான் ராஜா ஆண்ட தனி சமஸ்தானம். 1948 மார்ச் 3-ந் தேதிதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

புதுக்கோட்டைக்கென்று தனிச் சபை இருந்தது உண்மை. 1902-ல் பிரதிநிதிகள் சபை ஏற்பட்டது. முதலில் எல்லோரும் நியமனம்தான். 1907 முதல் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1924-ல் சட்டசபை வந்தது. ஆனாலும் கடைசி வார்த்தை தர்பாருடையதுதான்.

நூற்றுக்கு மூன்று பேர்

ஓட்டு இருந்த சென்னை மாகாணத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1920 தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 12½ லட்சம் பேர். ஜனத்தொகையோ 4 கோடிக்கு மேல். நூற்றுக்கு மூன்று பேர்தான்! நிலம் வேண்டும், அல்லது வரி கட்ட வேண்டும். கூலிக்காரனுக்கு ஓட்டு ஏது?

பெண்களுக்கு 1921-ல் ஓட்டுரிமை கிடைத்தது. சபையில் உட்காரும் உரிமை 1926-ல் கிடைத்தது. அந்த ஆண்டே மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாயா துணிந்து நின்றார். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப் போனார்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு முத்துலட்சுமி அம்மையார் சபைக்குள் வந்தார். தேர்தலில் அல்ல, பெண்கள் சங்கத்தார் பெயரைச் சொன்னார்கள், சர்க்கார் நியமித்தது. சபை அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

பொட்டுக் கட்டும் கொடுமை அவருக்கு ஏட்டில் படித்த விஷயமல்ல. அவருடைய தாயார் சந்திரம்மாள் பிறந்த மரபே அதுதான். 1929-ல் முதல் சட்டத் திருத்தம் வந்தது. கோவில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு அவிழ்ந்தது. மறு ஆண்டு காந்தியடிகளைக் கைது செய்தார்கள். அம்மையார் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். பொட்டுக் கட்டுவதை அடியோடு தடுக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது.

ஓட்டு வாங்கி வந்தவர் வழக்கத்தைக் காக்கப் பேசினார். நியமனத்தில் வந்தவர் அதை ஒழிக்கப் பேசினார். "நியமனம் என்றாலே மோசம்" என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

சபை இரண்டானது

அதுவரை இருந்தது ஒரே சபை. 1937-ல் அது கீழ்சபை, மேல்சபை என்று இரண்டாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் அரசியல் சட்டம் மேல்சபைக்குத் தனி வழி வகுத்தது. பட்டதாரிகள், ஆசிரியர்கள், நகரசபை போன்ற ஸ்தல ஸ்தாபனங்கள், எம்.எல்.ஏ.க்கள் ஆகியோர் தனித்தனியே தேர்ந்தெடுப்பார்கள். ஆறில் ஒரு பங்கை கவர்னர் நியமிப்பார்.

1952-ல் தேர்தலில் நிற்காத ராஜாஜி நியமனத்தின் மூலம் மேல்சபைக்குள் வந்து முதல்-மந்திரி ஆனார். கொல்லை வழி என்று அப்போது பலத்த கண்டனம் எழுந்தது. 1967-ல் முதல்-மந்திரியான அண்ணாவும் மேல்சபை மெம்பர்தான். 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேல்சபை ஒழிந்தது. 2010-ல் தி.மு.க. ஆட்சி மீண்டும் கேட்டது. பார்லிமெண்டும் சட்டம் செய்தது. 2011-ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது.

வேண்டும் என்பவர்கள், தேர்தல் சந்தடியில் இறங்க முடியாத அறிவாளிகளுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். முத்துலட்சுமி அம்மையாரே சாட்சி என்கிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் காலத்தில் முன்வாசல் பூட்டிக் கிடந்தது. நூற்றுக்கு மூன்று பேர் கையில் சாவி இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே பக்கவாசல் தேவைப்பட்டது. 1952 முதல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு. பட்டம் பெற்றவருக்கு மட்டும் இன்னொரு ஓட்டு எதற்கு? நாற்று நடும் அம்மாளுக்கு ஒன்று, பட்டதாரிக்கு இரண்டா?

மறுபக்கமும் இருக்கிறது. முன்வாசல் சட்டப்படி திறந்துதான் இருக்கிறது. 2021 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பெண்கள் ஜெயித்தது 12-ல்தான்.