மாடிக் குடித்தனத்துக்குத் தனி வரியா?

மின்சாரக் கார் மலிவு என்கிறார்கள். யாருக்கு மலிவு என்று நான் கேட்கிறேன்.

45 யூனிட் கொள்ளும் பாட்டரி உடைய நெக்ஸான் காரை எடுத்துக்கொள்வோம். ஏற்றும்போது வீணாவதை விட்டுவிடுவோம். வீட்டு மீட்டரில் யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 360 ரூபாயில் நிரம்பிவிடும். பொது நிலையத்தில் யூனிட்டுக்கு 20 ரூபாய் கேட்டால் 900 ரூபாய். அதன்மேல் வரி 162 ரூபாய்!

விரைவாக ஏற்றும் இயந்திரம், டிரான்ஸ்பார்மர், இட வாடகை இவற்றுக்காக நிலையத்தார் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த வரியில் என்ன நியாயம்? வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நிலையத்தில் ஏற்றுவது மின்சார விற்பனையன்று, 'சேவை' என 2018-இல் மத்திய மின்துறை விளக்கியது. சேவைக்கு 18 சதவீதம்! காருக்கோ 2019 முதல் 5 சதவீதமே.

சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவர் இந்த வரிக்குத் தப்புகிறார். மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் கட்டுகிறார். நண்பர்களே, படிப்பு முடிந்து டில்லியிலோ மும்பையிலோ வாடகை வீடு தேடப்போகும் நம்மில் பலர் இரண்டாம் வகைதானே? காருக்குக் காட்டிய சலுகையை அது குடிக்கும் மின்சாரத்துக்கும் காட்டட்டும். நிலைய வரியும் 5 சதவீதமாகட்டும்!