விமானத்திற்குக் கையொப்பமிடும் தொழில்

"பிள்ளை என்ன படிக்கிறான்?" என்ற கேள்விக்கு மருத்துவம் அல்லது பொறியியல் என்று மறுமொழி சொன்னாற்றான் ஊரிலே எமக்குத் தலை நிமிரும். மொன்றியலுக்கு வந்த பின்னரும் அவ்வழக்கம் எம்மை விட்டுப் போகவில்லை. இதனாலேயே எம் பிள்ளைகளுக்கு நன்கு பொருந்தக்கூடிய ஒரு தொழிலைப் பெயர் கேட்ட மாத்திரத்தில் தள்ளிவிடுகிறோம்.

விமானப் பராமரிப்பிற்கான உரிமத்தைக் கனடியப் போக்குவரத்து அமைச்சு வழங்குகிறது. அதனைப் பெற்றவரை ஆங்கிலத்தில் 'எஞ்சினியர்' என்றும் பிரெஞ்சில் 'தெக்னிசியன்' என்றும் குறிக்கின்றனர். ஆள் ஒருவரே, அதிகாரமும் ஒன்றே. ஆயினும் கியூபெக்கில் பிரெஞ்சுப் பெயரே காதில் விழுவதால், "திருத்துகிற வேலைதானே" என்று பெற்றோர் முகஞ் சுளிக்கின்றனர்.

திருத்தி முடித்த விமானம் பறக்கத் தகுந்தது என உரிமம் பெற்றவர் கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பத்தை நம்பியே நாம் ஏறி அமர்கிறோம். 1983 ஜூலை 23இல் மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குச் சென்ற எயர் கனடா போயிங் 767 விமானத்தில் எரிபொருள்மானி பழுதாயிருந்தது. கையால் கணக்கிட்டபோது, லீற்றரைக் கிலோகிராமாக மாற்றும் 0.8இற்குப் பதிலாக இறாத்தலுக்குரிய 1.77ஐப் பயன்படுத்திவிட்டனர். தேவையானதில் பாதியளவும் இல்லாத எரிபொருளுடன் சென்ற விமானத்தின் இரு இயந்திரங்களும் நடுவானில் நின்றன. விமானியின் திறமையால் மானிற்றோபாவிலுள்ள கிம்லியில் இறங்கி, 69 பேரும் உயிர் பிழைத்தனர். இத்துணைப் பொறுப்புள்ள தொழிலை வெறுங் கைவேலை என்று எப்படி இகழ்வது?

சென் ஹூபேரில் எட்வார் மொன்பெத்தி சீஜெப்பைச் சேர்ந்த தேசிய விமானத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பராமரிப்புப் படிப்பு மூன்றாண்டு. 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பாடசாலைக்குச் சென்ற எம் பிள்ளைகளுக்கு அங்கு மொழித்தடை இல்லை; விமானக் கையேடுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. வீட்டிலும் வீதியிலும் இரண்டையும் கற்றவர்களுக்கு இதைவிட வாய்ப்பான இடம் எது? பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம். படிப்பு முடிந்தவுடன் உரிமம் கைக்கு வந்துவிடாது. பராமரிப்பு உரிமத்திற்கு நான்கு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் ஒரு பகுதி அதில் சேர்க்கப்படும். விமானச் சட்டவிதிகளிலும் பரீட்சை உண்டு. அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதோர், கல்விக் கட்டணம் தமக்கு எவ்வாறு அமையும் என்பதைச் சேருமுன் கல்லூரியிலேயே விசாரித்தல் நன்று.

இத்தொழிலிலும் இடி விழுவதுண்டு. எயர் கனடாவின் கனரகப் பராமரிப்பைச் செய்துவந்த அவியோஸ் நிறுவனம் 2012 மார்ச்சில் மூடப்பட, ஏறத்தாழ 2,600 பேர் வேலையிழந்தனர்; அவர்களிற் பெரும்பாலானோர் மொன்றியலைச் சேர்ந்தவர்கள். ஆனால் உரிமம் ஆளின் பெயரில் இருப்பது. கம்பனி போனாலும் அது போவதில்லை.

எமக்கு அதிக கவலை தருவது, ஊரில் இத்தொழிலைச் செய்துவிட்டு இங்கு உணவகங்களில் கோப்பை கழுவுவோரின் நிலையே. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தலைமையகம் இதே மொன்றியலில்தான் இருக்கிறது. ஆயினும் ஒரு நாட்டின் உரிமம் மறுநாட்டில் அப்படியே செல்லாது. செய்த வேலைக்குப் பதிவேடு கேட்பார்கள். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவரிடம் பதிவேடு எங்கிருக்கும்? பழைய தொழில்வழங்குநருக்கு எழுதி அத்தாட்சி பெறுவது தனியொருவருக்குச் சிரமமான காரியம். ஆண்டுக்கு மூன்று கலைவிழா நடத்தும் எமது சங்கங்கள், அவற்றுள் ஒன்றின் மண்டபக் காசை இதற்கென ஒதுக்கி, கடிதம் எழுதவும் மொழிபெயர்க்கவும் ஒருவரை அமர்த்தலாம்.