நம்ம ஊர்ல 'முன்னாள்'னு யாருமே கிடையாது!

டேவிட் ஃப்ராஸ்ட், ரிச்சர்ட் நிக்சனை எடுத்த டிவி பேட்டியை இன்னும் பார்க்காதவங்க யூட்யூபில் ஒரு தடவை பார்த்துடுங்க. வாட்டர்கேட் விவகாரத்தில் மாட்டி 1974-ல் ராஜினாமா செய்த அமெரிக்க ஜனாதிபதி. 1977-ல் அவரை 12 அமர்வுகளில், கிட்டத்தட்ட 29 மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார் ஃப்ராஸ்ட். இதுக்கு நிக்சனுக்கு 6 லட்சம் டாலர் சம்பளம் வேற! காசு கொடுத்து வாங்கின பேட்டின்னு ஆளாளுக்குத் திட்டினாங்க. ஆனா கடைசியில் நாட்டை ஏமாற்றத்தில் தள்ளிவிட்டேன்னு நிக்சனே தன் வாயால் ஒத்துக்கிட்டார்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு பேட்டி ஏன் வரலை?

கிட்டத்தட்ட அந்த மாதிரி வந்தது, 1999-ல் சிமி கரேவால் எடுத்த ஜெயலலிதா பேட்டி. 1996 தேர்தலில் தோற்று, அதே டிசம்பரில் கைதாகி, வழக்குகளோடு இருந்த முன்னாள் முதல்வர். அந்தப் பேட்டியில் இன்னைக்கும் நாம ஷேர் பண்றது எதை? அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு தூங்கிய குழந்தைப் பருவம், கிரிக்கெட் வீரர் நாரி கான்ட்ராக்டர் மேல் இருந்த ஈர்ப்பு, அவர் பாடின இந்திப் பாட்டு. அழகான பேட்டிதான், மறுக்கலை.

அப்புறம் 2004-ல் பிபிசிக்காக கரண் தாப்பர். அப்போ ஜெ. முதல்வர். மக்களவைத் தேர்தலில் 39 தொகுதியும் போய் சில மாதம்தான் ஆகியிருந்தது. தோத்ததும் பழைய முடிவுகளை வாபஸ் வாங்கினது, ஜோசிய நம்பிக்கைன்னு குடைஞ்சார். உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி இல்லைன்னு சொல்லி, நமஸ்தே போட்டு முடிச்சார் ஜெ. அந்தக் கடைசி நிமிஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. கேள்விக்கு என்ன பதில் சொன்னார்? கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது :)

பதவி இல்லாதப்போ பாட்டு, பதவியில் இருக்கும்போது சண்டை. நியாயமா தலைகீழா இருக்கணும் இல்லையா?

நிருபர்களுக்கு தைரியம் இல்லைன்னு மட்டும் சொல்லிட முடியாது. நிக்சன் ரெண்டு தடவை ஜெயிச்சவர், சட்டப்படி மறுபடி ஜனாதிபதி ஆக முடியாது. ஃபோர்டு பொது மன்னிப்பு கொடுத்துட்டதால் கோர்ட்டும் இல்லை. அவருக்கு மிச்சம் இருந்தது பேர் ஒண்ணுதான். இங்கே அப்படியா? 1996-ல் தோற்ற ஜெ. 2001-ல் முதல்வர். 2001-ல் நள்ளிரவில் கைதான கலைஞர் 2006-ல் முதல்வர். நம்ம ஊரில் 'முன்னாள்'னா 'அடுத்த'ன்னு அர்த்தம். அடுத்த முதல்வரை யார் பகைச்சுக்குவா?

அதுக்குத்தான் கோர்ட் இருக்கேன்னு சிலர் கேட்கலாம். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014-ல் தண்டனை, 2015-ல் விடுதலை. 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்போ ஜெ. உயிரோடவே இல்லை. தவிர, குற்றப்பத்திரிகையில் இருக்கிறதை மட்டும்தான் கோர்ட் கேட்கும். நம்ம ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவையே எடுத்துக்குங்க. 2005-ல் ஒப்பந்தம் போட்டது ஜெ. அரசு. வரித் தகராறுகளுக்கு நடுவில் 2014 நவம்பர் 1-ல் ஆலை நின்னப்போ, பதவி இழந்து ஜாமீனில் இருந்தார். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சே, உங்க அரசு என்ன செஞ்சிருக்கலாம்? எந்தக் கோர்ட்டும் இதைக் கேட்காது. நிதானமா உட்கார்ந்து எடுக்கிற ஒரு பேட்டியில்தான் கேட்க முடியும்.

இப்போ இருக்கிற எந்தக் கட்சி முன்னாள் அமைச்சராவது ஒரு தமிழ் சேனலில் நாலு மணி நேரம் உட்காரட்டும். கத்த வேண்டாம், குறுக்கே பேச வேண்டாம். ஃபைலைப் படிச்சுட்டு வந்து, பதில் வரும்வரை ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டாலே போதும்.

ஒரகடத்தில் எந்தக் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாலும் நம்மகிட்ட ஒரு அரியருக்கும் ஒரு வருஷ கேப்புக்கும் விளக்கம் கேட்கிறாங்க. நாமளும் சொல்றோம். அஞ்சு வருஷம் நம்மை ஆண்டவங்களுக்கு மட்டும் ஏன் விலக்கு?