ஞாயிற்றின் மூலம்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் விழா நிகழ்ந்தால், சொல்லாராய்ச்சி தலைகாட்டாத மேடை அரிது. ஒலியால் ஒத்த இரு சொற்களை அருகருகே நிறுத்தி, ‘இதுவும் தமிழே’ என முழங்கியதும் கைதட்டல் எழுகிறது. கைதட்டல் சான்றாகுமா? மலாயில் கண்ணுக்கு ‘மாத்தா’ என்று பெயர். இன்றைய கிரேக்கத்தில் ‘மாத்தி’. உறவென்று சொல்ல எவருக்கும் நாவூறும். ஆனால் கிரேக்கச் சொல், பழைய ‘ஒம்மா’ என்பது ‘ஒம்மாத்தியொன்’ என நீண்டு, பின்னர்த் தலை தேய்ந்து வந்தது. ஒற்றுமை வெறுந் தற்செயல்.

மொழியுறவைக் காட்டுவது ஒலியொப்புமை அன்று. ஒலி வேறுபாட்டின் ஒழுங்கு. தமிழில் ‘உயிர்’, கன்னடத்தில் ‘உசிர்’. தமிழில் ‘பெயர்’, பழங்கன்னடத்தில் ‘பெசர்’. அவ்வொழுங்கிலேயே நம் ‘ஞாயிறு’ பழங்கன்னடத்தில் ‘நேசர்’ என நிற்கிறது. மூத்தது யகரமா, சகரமா? வாய், காய், நாய் என்பன கன்னடத்திலும் ‘பாயி, காயி, நாயி’ என்று யகரத்தோடேயே வழங்குகின்றன. யகரமே மூலமாயின் உயிரும் பெயரும் ஞாயிறும் மட்டும் அங்கே சகரம் பெறுவானேன்? மூலத்தில் சகரமே இருந்தது. அதை நெகிழ்த்தது தமிழ். ஞகரத்தைக் காத்தவையோ தமிழும் மலையாளமும்.

‘தமிழ் தாய், ஏனையவை மகள்கள்’ என்று பழகிய அன்பர்களுக்கு இது கசக்கும். 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதியபோதே, திராவிட மொழிகளை உடன்பிறப்புகளாகத்தான் கண்டார். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட வேர்ச்சொல் அகராதி, 1984இல் விரிந்த பதிப்பாகவும் வந்தது. அதைப் புரட்டாமலே வேர்ச்சொல் பேசுவோர் எத்தனை பேர்!

கதிரவனுக்கு இன்னும் அகன்ற பரப்புடைய சொல் ‘பொழுது’. ‘பொழுது சாய்ந்தது’ என்னும்போது நாம் கதிரவனையே சொல்கிறோம். கன்னடத்தில் ‘ஹொத்து’, தெலுங்கில் ‘பொத்து’, நடு இந்தியக் கோண்டியிலும் இதன் இனச்சொல் கதிரவனைக் குறிக்கிறது. ஞாயிற்றின் இனமோ தென்மொழிகளிலேயே தெளிவாகக் கிடைக்கிறது. ஆகவே மூதாதையர் வாயில் இருந்தது பொழுது எனக் கொள்ளவே சான்று மிகுதி. இங்கே மூல ழகரத்தைக் கட்டிக்காத்தது தமிழ். இப்பெருமை மேடைக்குப் போதாதோ?

சிலாவிய மொழி அறிஞர் வழியும் இதுவே. செக் மொழியில் ‘ஸ்லுன்த்ஸெ’. ருசியர் எழுத்தில் லகரத்தை வைத்துக்கொண்டு ‘சோன்த்ஸெ’ என்பர். ஒன்றை மற்றொன்றுக்குத் தாயாக்காமல், இரண்டுக்கும் முந்திய வடிவத்தை மீட்டனர். அதன் வேரோ நம் வடசொல்லான ‘சூரியன்’ வரை நீள்கிறது.

1966இல் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது இதே கோலாலம்பூரில். தமிழாய்வு உலக அறிஞர் முன் நிற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நகரில் ஒலியொப்புமை வித்தை கேட்டு வளரும் மாணவன், நாளை பல்கலைக்கழகத்தில் முதல் வினாவுக்கே தடுமாறுவான். அவனுக்கு ஆசிரியர்கள் தரவேண்டிய பயிற்சிக்குப் பொருட்செலவும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தெலுங்கும் மலையாளமும் பேசும் முதியோர் இன்னும் இருக்கின்றனர். கதிரவனுக்கும் காலத்துக்கும் அவர்கள் வழங்கும் சொற்களை மாணவர் கேட்டெழுதி, தமிழ்ச் சொற்களுக்கு எதிரே நிரல்படுத்தட்டும்.