ஃபாஸ்ட் லோக்கலுக்கு முடுக்கம் கிடையாது!

சயான் ஸ்டேஷன் ப்ளாட்ஃபாரத்தில் நிற்கிறீர்கள். ஃபாஸ்ட் லோக்கல் ஒன்று நிற்காமல், ஒரே சீரான வேகத்தில் தடதடவென்று நேராகப் போகிறது. பக்கத்து லைனில் ஸ்லோ லோக்கல் இப்போதுதான் மெல்லக் கிளம்புகிறது. இரண்டில் எதற்கு ஆக்ஸிலரேஷன் அதிகம்?

உங்கள் வீட்டு ஒன்பதாம் கிளாஸ் வாரிசிடம் கேட்டுப் பாருங்கள். ஃபார்முலாவைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகூட "ஃபாஸ்ட் வண்டிக்குத்தான்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். இல்லை சாமி! அதன் வேகம் மாறவே இல்லையே. அதனால் ஆக்ஸிலரேஷன் சைபர். உருட்டிக்கொண்டு கிளம்புகிற ஸ்லோ வண்டிக்குத்தான் அது இருக்கிறது.

பி.காம் படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஃபிசிக்ஸில் என்ன வேலை என்கிறீர்களா? எங்கள் பாஸ்புக்கிலேயே இது இருக்கிறதே! கணக்கில் இருக்கும் பணம், வண்டி இருக்கும் இடம். மாதாமாதம் போடும் தொகை, வேகம். போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு கூட்டிப் போட்டீர்கள் என்பது ஆக்ஸிலரேஷன். மாதம் தவறாமல் 50,000 போடுகிறவருக்கு வேகம் அதிகம், ஆக்ஸிலரேஷன் சைபர். 1,000, 2,000, 3,000 என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்தான் நம்ம ஸ்லோ லோக்கல். பணம் எடுக்க ஆரம்பித்தால் வேகம் மைனஸ். அதாவது திசை மாறிவிட்டது.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மும்பைக்கு வந்த பெற்றோர் பலர், "பிள்ளை இங்கிலீஷ் மீடியம், நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கி, கோச்சிங் கிளாஸுக்குப் பணம் கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது தப்பு என்பது என் கட்சி. சொத்து உங்கள் கையில்தான் இருக்கிறது.

வெலாசிட்டிக்கு நம் பாடப்புத்தகம் சொன்ன பெயர் திசைவேகம். கல்யாண் போகிற வண்டியும் சி.எஸ்.எம்.டி. போகிற வண்டியும் ஒரே வேகத்தில் ஓடினாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆக்ஸிலரேஷனுக்கு முடுக்கம். வண்டிமாட்டை முடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். முடுக்க வேண்டுமென்றால் விசை வேண்டும். நியூட்டனின் இரண்டாம் விதி அவ்வளவுதான். சீராக ஓடும் ஃபாஸ்ட் லோக்கலில் மோட்டாரின் இழுப்பும், காற்றும் உராய்வும் தருகிற தடையும் சமமாகிவிடுகின்றன. மிச்ச விசை இல்லை, முடுக்கமும் இல்லை.

ஈர்ப்பு விசை, யாரும் கேட்காமலே முடுக்குகிற விசை. விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும், விநாடிக்கு 9.8 மீட்டர் என்ற அளவில் கூடுகிறது. பதினாலாவது மாடி ஜன்னலிலிருந்து தவறும் பூந்தொட்டி சுமார் 3 விநாடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்! ஜன்னலில் தொட்டி வைத்திருக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதும் இதே பாடம்தான். நிலவுக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் வேகத்தில் இருந்தது லேண்டர். நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான் என்றாலும், சும்மா விட்டால் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று இல்லாததால் பாராசூட்டும் உதவாது. எஞ்சினின் எதிர்விசை ஒன்றை வைத்தே, சுமார் 19 நிமிடத்தில் அத்தனை வேகத்தையும் அடக்கிப் பூப்போல இறக்கினார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும், இஸ்ரோ தலைவராக இருந்த கே.சிவனும் பள்ளியில் தமிழ் மீடியம்.

இங்கிலீஷ் பெயர்களைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கும், பரீட்சைக்கு அவை வேண்டும்தான். அர்த்தத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள், உங்களுக்குத் தெரிந்த தமிழிலேயே. பிள்ளைக்கு ஃபிசிக்ஸும் புரியும், "அப்பா அம்மாவுக்கும் விஷயம் தெரியும்" என்பதும் புரியும். இரண்டாவதற்கு எந்த கோச்சிங் கிளாஸிலும் சீட் கிடைக்காது!