யார் வீட்டுப் பீ, யார் கையில்?

சுத்திகரிப்பு என்ற சொல் நமக்குப் புதுசில்லை தோழர்களே. 1927 மார்ச்சில் மகாட் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான நம் மக்களும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டாயிடுச்சாம். 108 பானைகள், பால், தயிர், சாணி, மாட்டு மூத்திரம், மேலே மந்திரம் என்று சாதி இந்துக்கள் அதைச் சுத்திகரித்தார்கள். மனுசன் கை பட்டால் தீட்டு, மாட்டு மூத்திரம் கலந்தால் சுத்தம்.

இப்போது கிராமத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறோம் என்று வருகிறார்கள். வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்குப் போட்டுக் குழாய் இழுத்தார்கள். குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது என்று அதில் பெரும்பகுதி கழிவாக வாசலுக்கு வரும். வாசலிலிருந்து எங்கே போகும்? பள்ளத்துக்கு. பள்ளம் எங்கே இருக்கு? சேரியில். மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியும் இருப்பது இயற்கை இல்லை. சர்வே கல்லுக்கு முன்னாலேயே சாதி நட்ட கல் அது. எங்கள் ஊரில் சிமெண்ட் கால்வாய் அந்தச் சரிவை அப்படியே பிடித்துக்கொண்டு வந்து சேரி வாசலில் நின்றுவிட்டது. நிதி தீர்ந்துபோச்சாம். மழை பெய்தால் ஊர்த்தெரு சோப்பு நுரை எங்கள் அடுப்படிக்கு வரும்.

பீ விசயத்துக்கு வருவோம். முகம் சுளிக்கிறவன் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். காந்தியார் கண்ணாடியைச் சின்னமாகப் போட்டு 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா, கிராமத்துக்குச் சொன்னது இரட்டைக்குழிக் கக்கூசு. ஒரு குழி நிறைந்தால் அடைத்துவிட்டு அடுத்ததுக்குத் திருப்ப வேண்டும். மூடிய குழியில் ஈரம் மண்ணுக்குள் இறங்கி, ஒன்றரை இரண்டு வருசத்தில் எல்லாம் மக்கி நாற்றமில்லாத எருவாகிவிடும். மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். லாரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், முக்கியமாக நம்மாள் வேண்டாம்.

அதனால்தான் ஊர்க்காரனுக்கு அது ஆகவில்லை. மக்கிப்போனாலும் தன் பீயைத் தானே அள்ளுவதா? ஆகவே ஆள் மூழ்குகிற ஆழத்துக்கு ஒரு தொட்டி. பேர் செப்டிக் டேங்க். ஒழுங்கான டேங்க்கில் தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போகணும், அடியில் படியும் சேற்றை இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருதரம் லாரி வைத்து எடுக்கணும். இவன் அந்த நீரைத் தெருக் கால்வாயில் விடுகிறான். சேற்றை இருபது வருசம் சேர்த்து வைக்கிறான். அது கெட்டியாகி லாரிக் குழாய்க்கு மசியாது. அப்போது காலனிப் பக்கம் வந்து, "தம்பி, கொஞ்சம் இறங்கிப் பாரேன், ஐந்நூறு சேர்த்துத் தர்றேன்" என்கிறான். அன்றைக்கு மட்டும் நாம் தம்பி.

உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கொஞ்சமாக இருந்தால்தான் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போயிருச்சு என்று இறங்குகிறவன் பிணமாகத்தான் வருவான். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் இரண்டு வருசம் வரை சிறை என்கிறது 2013 சட்டம். செத்தால் 30 லட்சம் தரணும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் அது 10 லட்சம். பிணத்துக்கு விலை ஏறியிருக்கு. இறக்கிவிட்டவன் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனான்?

கழிவுநீரைக் குட்டைகளில் தேக்கினால் வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து சுத்தம் செய்யும், செலவும் குறைவு என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இடம் நிறைய வேணும். இடம் என்றதும் எல்லார் கண்ணும் நம் சுடுகாட்டுப் பக்கம் திரும்புகிறது. நம் பஞ்சமி நிலத்தை வளைத்துப் போட்டவன் தன் தோப்பில் ஒரு மூலை தருவானா?

அக்டோபர் 2 கிராம சபைக்கு எல்லாரும் போவோம். கால்வாய் எங்கே முடிகிறதென்று வரைபடத்தை விரிக்கச் சொல்லுவோம். குளிப்புத் தண்ணீருக்கு அவனவன் கொல்லையிலேயே உறிஞ்சுகுழி. டேங்க் வைத்திருப்பவன் மூன்று வருசத்துக்கு ஒருமுறை லாரி ரசீது காட்டணும். இரட்டைக்குழி வைத்திருப்பவன் மண்வெட்டியைத் தானே பிடிக்கணும். இதை எழுதாத தீர்மானத்தில் சேரியிலிருந்து ஒரு கையெழுத்தும் விழக்கூடாது.